பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும்

காட்டுப்பாக்கம்,
செவ்வாய்க்கிழமை காலை.

மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு எழிலரசி வணக்கத்துடன் எழுதுவது.

வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணிக்கு. இடம், எங்கள் மெயின் ரோட்டில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கடை. நீங்கள் எப்போது செத்தீர்கள், எங்கே செத்தீர்கள் என்று சனிக்கிழமை போனில் கேட்டதற்கு இதுதான் பதில். கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். அதன்பிறகு எங்கள் வீட்டு எண் எதையும் நீங்கள் எடுப்பதில்லை. அதனால் கடிதம். முப்பத்தாறு வருடம் தபால்காரராக இருந்தவரால் பிரிக்காத கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம்கூட உட்கார முடியாது என்று உங்கள் மகள் சுதா அக்காவே சொன்னார்.

இங்கு அனைவரும் நலம். அங்கு உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதுவது வழக்கம். இந்த முறை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

முதலில் ஒரு விஷயம். உயிரோடு இருக்கிற அண்ணனுக்கு உதயகுமார் வயிற்றெரிச்சலில் கண்ணீர் அஞ்சலி அடித்துவிட்டான் என்று நீங்கள் ஆம்பூர் முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பதாகத் தெரிகிறது. அப்பா அடிக்கவில்லை. நான் அடித்தேன். பேனரில் இருப்பவரும் நீங்கள் இல்லை. ஓர் அமெரிக்கர். உங்களுக்குச் செய்திதான் வந்தது, பேனரை நீங்கள் பார்க்கவில்லை என்று சுதா அக்கா சொன்னார். பார்க்க வேண்டியதும் இல்லை.

எனக்குப் பழைய கௌபாய் படங்கள் சேர்க்கும் பழக்கம் உண்டு. பெரிய படங்கள் இல்லை. பெரிய படங்களுக்கு ஆள் இருக்கிறார்கள். நான் சேர்ப்பவை எழுபது, எண்பது வருடத்துக்கு முந்தைய கறுப்பு வெள்ளைச் சில்லறைப் படங்கள். ஒரு மணி நேரம் ஓடும். ஒரு வாரத்தில் எடுத்திருப்பார்கள். ஒரே தெரு ஐந்து படங்களில் ஐந்து ஊராக வரும். ஒரே பாறைக்குப் பின்னால் எல்லாத் திருடர்களும் ஒளிவார்கள். கதாநாயகன் ஒவ்வொரு முறையும் அந்தப் பாறையை இப்போதுதான் பார்ப்பதுபோல் பார்ப்பான். யாரும் அதிகம் பேச மாட்டார்கள். பேச வேண்டிய இடத்தில் புழுதி பறக்கும். எனக்கு அது போதுமானதாக இருக்கிறது.

இந்தப் படங்களில் ஆர்லோ டிங்லி என்று ஒரு துணை நடிகர். முப்பத்திரண்டு படங்கள். மதுக்கடைக்காரர், வண்டியோட்டி, வங்கிக் காவலாளி. முதல் இருபது நிமிடத்துக்குள் யாராவது சுட்டுவிடுவார்கள். அதன்பிறகுதான் கதையே ஆரம்பிக்கும். மற்றவர்கள் குண்டு பட்டதும் தொப்பென்று விழுவார்கள். இவர் மட்டும் முதலில் தொப்பியைக் கவனிப்பார். கழற்றுவார். மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார். அது தரையில் படாது என்று தெரிந்தபிறகு விழுவார். தொப்பி கம்பெனிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாக இருந்திருக்கலாம். என்னிடம் பத்தொன்பது படங்கள் இருந்தன. பத்தொன்பதிலும் அப்படித்தான். ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். எண் 4: ஒன்பதாம் நிமிடம், குதிரைத் தொட்டி. எண் 11: பதினேழாம் நிமிடம், சவரக்கடை, பாதிச் சவரம். அம்மா ஒருமுறை அந்த நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏண்டி, இதுல ஒருத்தர்கூடப் பிழைக்கலையா?" என்றாள்.

பிழைத்த படம் ஒன்று உண்டு என்று எர்ணாகுளத்தில் இருக்கும் ஒரு சேகரிப்பாளர் சொல்லியிருந்தார். அவரும் பார்த்ததில்லை. சென்ற மாதம் அது கிடைத்தது. ஆவடியில், பழைய பேப்பர் கடையில், யாரோ வீடு மாற்றிப் போனபோது எடைக்குப் போட்ட குறுந்தகடுகளுக்கு நடுவில். பேனாவால் பெயர் எழுதிய காகித உறை. வீட்டுக்கு வந்து முதல் அரைமணி நேரம் பார்த்தேன். இருபது நிமிடம் தாண்டியும் மனிதர் உயிரோடு இருந்தார். நிறுத்திவிட்டேன். இதைத் தனியாகப் பார்க்கக் கூடாது என்று தோன்றியது. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு எங்கள் அடுக்ககத்து மொட்டை மாடியில் திரையிடலாம் என்று முடிவு செய்தேன். இதுவரை நான் நடத்திய திரையிடல்களுக்கு அதிகபட்சம் நான்கு பேர் வந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் துணி காய்வதற்காகக் காத்திருந்தவர். இந்த முறை ஒரு பேனர் வைத்தால் என்ன?

பேனர் கடை தினேஷுக்கு என் போனிலிருந்து போட்டோவை அனுப்பினேன். ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். 1898 – 1961. ஞாயிறு மாலை 6 மணி. மொட்டை மாடி. அனைவரும் வருக. அவ்வளவுதான்.

"பேரு இன்னா போடணும் க்கா?" என்றான்.

"பேர் வேண்டாம். தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்."

சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. சேகரிப்பவர்களுக்கு வரும் வியாதி இது.

"கலர் பண்ணிக் குடுக்கட்டா?"

"வேண்டாம். கறுப்பு வெள்ளையே இருக்கட்டும்."

அவன் என்னை ஒருமாதிரி பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "செரி க்கா. மனச தளர வுடாத" என்றான். நிறம் போனதற்கு ஆறுதல் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். பணம் அனுப்பினேன். எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே கணக்கைப் பயன்படுத்துவதால் அவன் போனில் உதயகுமார் என்று வந்திருக்கிறது.

பிறகு நடந்ததற்கு அவன் தரும் விளக்கத்தையும் எழுதிவிடுகிறேன். "கறுப்பு வெள்ள போட்டோ. கீய ரெண்டு வருசம். ஞாயித்துக்கெயம கூட்டம். இதுக்கு மேல ஒரு மனுசனுக்கு இன்னா க்கா சொல்லணும்? ஆயிரத்து எண்ணூத்துல பொறந்தவருக்கு இப்ப யாரு அயுவா? நீ துக்கத்துல தப்பா எய்திட்டேன்னு அத எடுத்துட்டு, இன்னொண்ண தோற்றத்துல போட்டேன். மறைவுல நீ வந்ததுக்கு மொத நாளு தேதி. அனைவரும் வருகன்றத தூக்கிட்டேன். சாவுக்கு அது நல்லா இருக்காது. சங்கத்து பேரு எல்லா சாவு பேனர்லயும் போடறதுதான்."

ஆகவே பேனர் இப்படி வந்தது: கண்ணீர் அஞ்சலி. தோற்றம் 1961. மறைவு, வியாழக்கிழமையின் தேதி. இரங்கல் கூட்டம், ஞாயிறு மாலை 6 மணி, மொட்டை மாடி. ஆழ்ந்த துயரத்துடன், உதயகுமார் குடும்பத்தினர் மற்றும் குடியிருப்போர் நலச்சங்கம். நீங்கள் 1957 என்று நினைக்கிறேன். நான்கு வயது குறைத்திருக்கிறான். அதற்கு மட்டும் அவனுக்கு நன்றி சொல்லலாம்.

துக்கத்துக்குத் தாமதம் கூடாது என்று சனிக்கிழமை விடியும்போதே கேட்டில் வந்து கட்டிவிட்டுப் போய்விட்டான். ஆறு மணிக்குப் பால் வாங்கப் போன அப்பா அதைப் பார்த்திருக்கிறார். எங்களுக்குப் பால் தருவது வடிவு அக்கா. இங்கே பழைய ஊர்க்குடும்பம், இன்னும் இரண்டு மாடு வைத்திருப்பவர். அப்பா அவர் வீடுவரை போகவில்லை. திரும்பி வந்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல், வாளித் தண்ணீரை உடுப்போடு தலையில் ஊற்றிக்கொண்டு, ஈரத்தோடு வந்து அம்மாவிடம், "பத்மா, அண்ணன் போயிட்டாரு" என்றாராம். "யாரு சொன்னா?" என்று அம்மா கேட்டதற்கு, "பேனர்ல போட்டிருக்கு" என்றாராம். அதற்குமேல் அம்மாவும் கேட்கவில்லை. எங்கள் பகுதியில் பேனரில் போட்டுவிட்டால் அது நடந்துவிட்டது என்று பொருள். நமக்குச் சொல்லாமல் சங்கத்துக்குச் சொல்லிவிட்டார்கள் என்று அப்பா நினைத்தார். உதயகுமார் சார் நமக்குச் சொல்லாமல் நம் பெயரையும் போட்டுவிட்டார், ஆனால் துக்கத்தில் இருப்பவரிடம் எப்படிக் கேட்பது என்று சங்கச் செயலாளர் வரதன் நினைத்தார். உங்கள் வீட்டுக்குப் போன் செய்திருக்கலாம். எட்டு வருடமாகப் பேசாத வீட்டுக்குப் போன் செய்து என்னவென்று ஆரம்பிப்பது?

வரதன் சார் திருநெல்வேலிக்காரர், ஐடி கம்பெனியில் மேலாளர், எதையும் முன்கூட்டியே செய்துவிடுவார். இறந்தது யார் என்று மட்டும் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, ஆறரை மணிக்குள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் செய்தி போட்டு, பார்க்கிங்கில் நாற்பது நாற்காலி இறக்கி, தண்ணீர் கேன் இரண்டு வைத்து, ஏழு மணிக்கு ஐஸ் பெட்டியையும் வரவழைத்துவிட்டார். பெட்டிக்காரர் இறங்கிச் சுற்றிப் பார்த்தார்.

"பாடி எங்க சார்?"

"ஆம்பூர்லேர்ந்து வரணும்லா."

"வராத பாடிக்கு எதுக்கு சார் பொட்டி?"

"முன்னாடியே கூலாக்கி வச்சிட்டா வந்ததும் டென்ஷன் இல்லல்லா."

பெட்டியைப் பார்க்கிங் பிளக்கில் சொருகினார்கள். ஃபியூஸ் போனது. அதோடு தண்ணீர் மோட்டார் நின்றது. துக்கத்துக்கு வந்துவிட்டுத் தலைக்குக் குளிக்கப் போனவர்களில் மூன்று பேர் சோப்புடன் நின்றார்கள். லிஃப்டில் ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் ஒரு மாலை மாட்டிக்கொண்டது. மாலையோடு அதை வாங்கி வந்தவரும். இந்தச் சத்தத்தில் நான் ஏழே கால் மணிக்கு விழித்தேன்.

கீழே இறங்கிப் பேனரைப் பார்த்தேன். எல்லாம் ஒரே பார்வையில் புரிந்தது. வரதன் சாரிடம் போய், "சார், அது எங்க பெரியப்பா இல்ல. சினிமா நடிகர்" என்றேன்.

"பெரியப்பா நடிச்சிருக்காரா?" என்றார் அவர். "சொல்லவே இல்லையேம்மா." உடனே குழுவில் அதையும் சேர்த்துப் போட்டார்.

வடிவு அக்கா வந்தார். பால் செம்பைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டு முழுக்குரலில் ஆரம்பித்தார். உங்களை அவர் பார்த்ததே இல்லை. ஆனால் நீங்கள் பெற்ற பெண், கட்டிய வீடு, நடந்த தெரு, கொடுத்த கடிதம் எல்லாம் அவர் பாட்டில் இருந்தது. தகவல்களை அம்மா விம்மலுக்கு நடுவில் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சரி, அப்பாவிடமே சொல்லிவிடலாம் என்று மேலே வந்தேன். ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே சுவரில் நீங்கள் கொடுத்த கடிகாரம். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார். என்னிடமா, கடிகாரத்திடமா என்று தெரியவில்லை.

"அச்சகத்துல விட்டுப்போகல எழில்."

எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகை. தங்கள் வரவை விரும்பும் என்ற இடத்தில் மூத்தவரான உங்கள் பெயர் முதலில் வந்திருக்க வேண்டும். இல்லை. அச்சகத்தில் விட்டுப்போய்விட்டது என்று எட்டு வருடமாக அப்பா எல்லோரிடமும் சொல்லிவந்தார். நானும் நம்பினேன். நீங்கள் நம்பவில்லை.

"ப்ரூஃப்ல பேரு இருந்துச்சு. மொத பேரே அதுதான். நான்தான் அடிச்சேன். பேனாவால, ஒரு கோடு. அடுக்குமாடியா, தீப்பெட்டி வாங்கினேன்னு சொல்லுன்னு பத்து பேரு முன்னாடி சொன்னான். சரி, தீப்பெட்டிக்கு உன் பேரு எதுக்குன்னு அடிச்சேன். ஒரு நாளு கோவம். மறுநா போயி எழுதிக் குடுத்திருக்கலாம். அதுக்குள்ள ஐந்நூறு அடிச்சுட்டான்."

கடிகாரத்தைக் காட்டி:

"அன்னிக்கு வந்தான். கடியாரத்தை இடுக்கிக்கிட்டு வாசல்ல நின்னான். டேபிள்ல இருந்த பத்திரிகையை எடுத்துப் படிச்சான். நான் உள்ளேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். வாண்ணேன்னு ஒரு வார்த்தை. வாயில வந்திருச்சு. அதுக்குள்ள பால் பொங்கிருச்சுன்னு எல்லாரும் கத்தினாங்க. திரும்பிட்டேன். மறுபடி பாத்தா வாசல்ல கடியாரம் மட்டும் இருக்கு."

இப்படி நிறையச் சொன்னார். இருவரும் ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனது. உங்கள் முதல் சம்பளத்தில் அவருக்கு வாங்கிக் கொடுத்த செருப்பு, அது ஒரு சைஸ் பெரிது என்று கடைசிவரை சொல்லாமல் போட்டுக்கொண்டது. நான் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் நிறுத்தி உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நிறுத்திவிடுவார். ஏழு முப்பதிலிருந்து எட்டுப் பத்துவரை. நாற்பது நிமிடம் நீங்கள் தேவையில்லாமல் செத்திருந்தீர்கள் பெரியப்பா. அது தினேஷின் தவறு இல்லை. என்னுடையது.

எட்டுப் பத்துக்கு சுதா அக்காவின் போன். குழுவில் வந்த செய்தி யார் யார் வழியாகவோ சுற்றி அவரிடம் போயிருக்கிறது. "எழில், அங்க என்ன நடக்குது? அப்பா இங்க டீ குடிச்சிட்டிருக்காரு" என்றார். ஸ்பீக்கரில் போட்டேன். பிறகு உங்கள் குரல். "நான் எப்ப செத்தேன், எங்க செத்தேன்? உங்கப்பனக் கேட்டுச் சொல்லு." வைத்துவிட்டீர்கள்.

அப்பா எழுந்து நின்றார். அவர் முகத்தில் முதலில் வந்தது என்னவென்று பார்த்தேன். எழுதத் தெரியவில்லை. இரண்டாவதாக வந்தது கோபம். அது உங்களுக்குத் தெரிந்ததுதான். பேனர் விஷயத்தை அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "நாப்பது நிமிசம் தெரிஞ்சுக்கிட்டேதான் உக்காந்திருந்தியா?" என்றார். அறைக்குள் போனார். அதற்குப்பிறகு என்னிடம் பேசவில்லை.

கீழே போய் எல்லோரிடமும் சொன்னேன். வரதன் சாருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஐஸ் பெட்டிக்காரர் காலிப் பெட்டிக்கு யார் கையெழுத்துப் போடுவது என்றார். வடிவு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது! நான் பால் கறக்காத ஓடியாந்து தொண்ட கிழிய அயுதா, ஆளு டீ குடிச்சுகினு கீறாராம்!" பிறகு ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "பரவால்ல. சாவு சேதி பொய்யாப் போச்சுன்னா ஆயுசு கெட்டி. அவருக்கு நூறு" என்றார். செம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருடைய வேலை முடிந்ததுபோல.

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் நாற்பத்து மூன்று பேர். கூட்டம் ரத்து என்று யாரும் சொல்லவில்லை. நாற்காலி வந்தது வந்ததுதான், வாடகை ஞாயிறுவரைக்கும் என்றார் வரதன் சார். யாரோ ஒருவர் இறந்திருக்கிறார் அல்லவா என்று கேட்டு, ஆர்லோ டிங்லிக்காக இரண்டு நிமிடம் மௌனம் அறிவித்தார். 1961க்குப் பிறகு அவருக்காக யாரும் எழுந்து நின்றிருக்க மாட்டார்கள். பிறகு படம் போட்டேன்.

வெள்ளை வேட்டித் திரை. காற்றில் அமெரிக்கா கொஞ்சம் ஆடியது. அடியில் ஏதோ மொழியில் வசன வரிகள். ஒருவருக்கும் புரியவில்லை. ஒருவரும் எழுந்து போகவில்லை. இதில் ஆர்லோ ஒரு நகரத்தைவிட்டுப் போனவர். பல வருடம் கழித்துத் திரும்பி வருகிறார். தூரத்தில் குதிரை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், அது வந்துகொண்டே இருக்கிறது. அவ்வளவு சிறிய படத்தில் அதற்கு இவ்வளவு நேரம் கொடுத்தவர் யார் என்று தெரியவில்லை. வடிவு அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, பேனர்ல இருந்தது நம்ம ஊரு ஆளு கணக்கா இருந்தாரு. இவுரு மூஞ்சி வேற மாதிரி கீதே?"

"மேக்கப்" என்றேன்.

"இவன சுட்ருவானுங்களா?"

"இதுல சுட மாட்டாங்கன்னு சொல்றாங்க."

"சொல்றாங்கவா? நீ பாக்கலியா? பாக்காததயா எங்களுக்குக் காட்றே?"

ஐம்பத்திரண்டாம் நிமிடம். ஆர்லோ அந்த ஊர் மதுக்கடை வாசலுக்கு வருகிறார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். பழைய கூட்டாளி. மேசையில் துப்பாக்கி. ஆர்லோ தொப்பியைக் கழற்றுகிறார். மார்போடு சேர்த்துப் பிடிக்கிறார். பத்தொன்பது படங்களில் அதற்குப்பிறகு விழத்தான் செய்திருக்கிறார். மற்றக் கையைக் கதவில் வைக்கிறார். படம் நின்றுவிட்டது. தகட்டில் கீறல். துடைத்துப் போட்டேன், தண்ணீரில் கழுவிப் போட்டேன். அதே இடம். அதே கை. இன்னும் எட்டு நிமிடம் பாக்கி.

"போய்ச் சேந்தானா இல்லியா, சொல்லிட்டுப் போம்மா" என்றார் வடிவு அக்கா.

"தெரியல க்கா."

யாரும் எழவில்லை. அசையாத அந்தப் படத்தையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது பின்னால் தண்ணீர்த் தொட்டி பக்கத்திலிருந்து ஒரு குரல். அப்பா. எப்போது மேலே வந்தார் என்று தெரியவில்லை.

"அந்தக் கதவுல தாப்பாளே கெடையாதே. தள்ளுனா தொறக்குற கதவு. அப்புறம் எதுக்கு வெளியவே நிக்கிறான்?"

அப்பா படியிறங்கிப் போய்விட்டார்.

நடந்தது இவ்வளவுதான். பேனரைக் கழற்றியாகிவிட்டது. பத்திரிகை விஷயத்தை நான் எழுதியதாக எக்காரணம் கொண்டும் அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். இந்தக் கடிதம் எழுதியதே அவருக்குத் தெரியாது. அவர் ஆம்பூருக்கு வர மாட்டார், உங்களுக்கும் தெரியும். நீங்கள் இங்கு வர வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. அடுத்த முறை எங்கள் எண் அடித்தால் எடுங்கள். அது போதும்.

பெரியம்மாவுக்கு என் அன்பு. நீங்கள் போனதாகக் கேள்விப்பட்டு அரைமணி நேரம் அழுதவர்கள் பட்டியலை சுதா அக்காவிடம் கொடுத்திருக்கிறேன், ஒருநாள் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். எல்லோருக்கும் இது கிடைப்பதில்லை. பெரியவர்களை வாழ்த்தும் வயது எனக்கு இல்லை. வடிவு அக்கா சொன்ன நூறை நானும் வழிமொழிகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி மகள்,
எழிலரசி.

பின்குறிப்பு: மேலே உள்ளதை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்தபோது அப்பா கடைசிப் பக்கத்தில் இருந்தார். முடிக்கும்வரை நின்றேன். தாளை அடுக்கி வைத்தார். "போட்டோ விஷயத்துல பொய் எழுதியிருக்கே" என்றார்.

அவர் சொன்னது சரி. பேனரில் இருந்தது ஆர்லோ டிங்லி இல்லை. நீங்கள்தான். ஏலகிரியில் எடுத்தது. எனக்குப் பத்து வயது. குதிரைக்காரரிடம் வாடகைக்கு ஒரு கௌபாய் தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டு குதிரை மேல் உட்கார்ந்தீர்கள். குதிரை நகர்ந்தது. விழுந்தீர்கள். விழும்போது தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டீர்கள். எழுந்ததும் அதைத் தட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தீர்கள். முதல் முறை ஆர்லோ விழுவதைப் பார்த்தபோது இதை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று நினைத்தேன். போட்டோவைத் தேடி எடுத்து, அதன் நிறத்தை எடுத்துவிட்டு, போனில் அவர் படங்கள் இருக்கும் அதே இடத்தில் முதலாவதாக வைத்தேன். அப்போது நீங்கள் வருவதை நிறுத்தி ஒரு வருடம். வெள்ளிக்கிழமை தினேஷுக்கு அனுப்பியபோது அவசரத்தில் முதல் படத்தின் மேல் விரல் பட்டிருக்கிறது. உங்களைப் பார்த்ததும் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. பெயர் தேவைப்படவில்லை.

பேனரைக் கழற்றியாகிவிட்டது என்பதும் முழு உண்மை இல்லை. கேட்டிலிருந்துதான் கழற்றினோம். மேலே இருந்த எழுத்தையும் கீழே இருந்த எழுத்தையும் அப்பா கத்திரிக்கோலால் வெட்டிவிட்டார். நடுப்பகுதி ஹாலில், கடிகாரத்துக்குக் கீழே இருக்கிறது. சுவருக்கு அது பெரிது. கதவைத் திறந்தால் அதில்தான் இடிக்கிறது.

உறையின் மேல் இருக்கும் கையெழுத்து யாருடையது என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். நான் முகவரி கேட்கவில்லை. பின்கோடுவரை பார்க்காமல் எழுதினார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, ஆம்பூருக்குக் காலையில் எந்த ரயில் என்று கேட்டார். சொன்னேன். கடிதத்தை ஒட்டி அவர் பையில் வைக்கப்போகிறேன்.